பிள்ளையின் ஒரு வாரம், ஒரு சார்ட் பேப்பரில்: பழகும் இடங்களை வரைந்து போதை நுழையும் நேரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

பதின்ம வயதுப் பிள்ளை கூல் லிப் என்ற புகையிலைப் பையையோ கஞ்சாவையோ தொட்டிருக்கிறது என்று தெரிந்தவுடன் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். "ஏன் பண்ணினே?" "யார் பழக்கிவிட்டா?" இரண்டுக்கும் உண்மையான பதில் வராது. ஏன் என்பது பிள்ளைக்கே தெரியாது. யார் என்று சொன்னால் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். "எங்கே இருக்கும்போது, எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் பதில் வரும். இடத்தைச் சொல்வது யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. இடமும் நேரமும் தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் பிள்ளை என்ன மனநிலையில் இருக்கிறது என்பதும் பின்னாலேயே வந்துவிடும்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பதின்ம வயதினரின் போதைப் பழக்கத்தை ஆய்வு செய்தவர்கள், பிள்ளை குடியிருக்கும் தெருவை மட்டும் வைத்து முடிவுக்கு வரவில்லை. அன்றாடம் போய்வரும் இடங்களில் எது பாதுகாப்பு, எது ஆபத்து, எது பிடித்த இடம் என்று பிள்ளைகளையே கேட்டு வரைபடத்தில் குறித்தார்கள். அதே வேலையைச் சென்னையின் ஒரு தெருவில், ஒரு வீட்டில், ஒரு பள்ளியில் எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். 12 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். பழக்கம் தொடங்காத பிள்ளையோடு செய்வதுதான் இன்னும் பலன் தரும்.

உட்காருவதற்கு முன்

முழு அளவு சார்ட் பேப்பர் ஒன்று, பென்சில், ரப்பர், நான்கு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு: பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. நிறம் நிறமாகத் தனித்தனி அட்டை எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். ஸ்கெட்ச் பேனாவைவிடப் பொட்டு நல்லது. மனம் மாறினால் பிய்த்து வேறிடத்தில் ஒட்டலாம். பிள்ளைகள் கட்டாயம் மாற்றுவார்கள். அந்த மாற்றத்தைக் கவனியுங்கள், காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

யார் உட்காருவது என்பது முக்கியம். வீட்டில் கை ஓங்குகிறவர் யாரோ அவர் உட்காரக் கூடாது. சித்தி, அத்தை, தாய்மாமன், பி.டி. வாத்தியார், பிள்ளைக்குப் பிடித்த டீச்சர் என்று ஒருவர் போதும். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஒதுக்குங்கள். ஹாலில் டி.வி. ஓட, அம்மா குறுக்கே நடக்க இது நடக்காது. மொட்டை மாடியில் சாயங்கால வெயில் இறங்கிய பிறகு உட்காருவது பலருக்கும் சரியாக வருகிறது.

தொடங்கும் முன்பே ரகசிய எல்லையைச் சொல்லிவிடுங்கள்: "உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாலோ, அதை நான் மறைக்க மாட்டேன். மத்ததெல்லாம் இந்தத் தாளோட இருக்கும்." மூன்றாவதைச் சொல்லாமல் விடாதீர்கள். பாலியல் சீண்டல் தெரியவந்தால் போக்சோ சட்டம் 2012-ன் கீழ் புகார் செய்வது கட்டாயம். பிள்ளை சொன்ன பிறகு "இதை நான் சொல்லியே ஆகணும்" என்றால் நம்பிக்கை உடைந்துவிடும்.

வரைவது

தாளின் நடுவில் வீடு. அங்கிருந்து "நேத்து காலைல எழுந்ததிலிருந்து சொல்லு" என்று ஆரம்பித்து, ஒவ்வோர் இடத்தையும் ஒரு வட்டமாகப் போடச் சொல்லுங்கள். நேற்றைய நாள் முடிந்ததும் சனி, அதன் பின் ஞாயிறு. திசை, தூரம் சரியாக இருக்க வேண்டியதில்லை. இடத்தின் பெயரைப் பிள்ளை சொல்கிறபடியே எழுதுங்கள்: "தண்ணி டேங்க்", "அண்ணாச்சி கடை சந்து", "கிரவுண்டு பின்னாடி", "ஸ்டேஷன் மேல". நீங்கள் திருத்தி "விளையாட்டு மைதானம்" என்று எழுதினால் அது வேறு இடம். மைதானத்தின் முன்பக்கத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்களும் பின்சுவரில் சாய்ந்திருப்பவர்களும் ஒரே கூட்டமல்ல.

ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ஐந்து குறிப்பு: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், அவர்கள் இவன் வயதா, மூத்தவர்களா, அங்கே போனால் என்ன கிடைக்கிறது, அங்கிருந்து கிளம்பும்போது மனசு எப்படி இருக்கிறது. பெயர்களைக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னாலும் எழுதாதீர்கள். பெயர் எழுதிய தாள் என்றைக்காவது தவறான கைக்குப் போகும்.

ஒரு வாரத்துக்கு 8 முதல் 12 இடம் வருவது இயல்பு. வீடு, ஸ்கூல், டியூஷன், கோயில் என்று நான்கோடு நின்றுவிட்டால் பிள்ளை இன்னும் பயத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தாமல் வழியைக் கேளுங்கள்: "டியூஷனுக்கு எந்தப் பக்கமா போவ?" நேர் வழி இருக்கும்போது சுற்றுவழியில் போகிற பிள்ளை ஒன்று எதையோ தேடிப் போகிறது, அல்லது எதையோ தவிர்த்துப் போகிறது. இரண்டுமே வட்டம் போட வேண்டிய இடங்கள். தெருநாய், கிண்டல் செய்யும் கும்பல், பழைய சண்டை, கடன் சொன்ன கடை என்று தவிர்ப்பதற்கும் காரணம் இருக்கும்.

போனும் ஓர் இடம்தான். எந்தக் குரூப்பில் இரவு எத்தனை மணி வரை என்று அதற்கும் ஒரு வட்டம் போடுங்கள். எங்கே சரக்கு கிடைக்கும் என்ற தகவல் இப்போது தெருமுனையைவிட அங்கேதான் வேகமாக ஓடுகிறது.

இனி பொட்டு. மனசு லேசாகிற இடத்துக்குப் பச்சை. பயம், கோபம், அவமானம் வருகிற இடத்துக்குச் சிவப்பு. போரடிக்கிற, தனியாக இருக்கிற இடத்துக்கு மஞ்சள். அங்கே யாராவது தம், ஹான்ஸ், மாவா போன்ற மெல்லும் புகையிலை, சரக்கு, மாத்திரை எதையாவது பயன்படுத்துகிறார்கள் என்றால் கறுப்பு. "நீ பயன்படுத்தறியா?" என்று கேட்கக் கூடாது. "அங்க யாராவது?" என்றால் கை தயங்காமல் பொட்டை எடுக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று நிறமும் ஒட்டலாம்.

வரைபடத்தைப் படிப்பது

பெரியவர்கள் கறுப்புப் பொட்டைப் பார்த்தவுடன் பதறி, "இனிமே அந்தப் பக்கம் போனே..." என்று தொடங்குவார்கள். தாள் அத்தோடு மூடிக்கொள்ளும். நீங்கள் தேட வேண்டியது பச்சையும் கறுப்பும் சேர்ந்து ஒட்டிய இடத்தை.

ஒரு பையன் தண்ணி டேங்க் கீழே தினமும் 40 நிமிடம் உட்காருகிறான். அங்கே கறுப்பு இருக்கிறது. கூடவே அவன் நாளில் இருக்கும் ஒரே பச்சையும் அதுதான். வீட்டில் சிவப்பு, டியூஷனில் சிவப்பு, பள்ளியில் மஞ்சள். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சிரித்து, "சாப்ட்டியாடா?" என்று கேட்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த இடத்துக்குத் தடை போட்டால் போதைப் பழக்கத்தோடு சேர்த்து அவனுக்கு இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிவிடுகிறோம். மாற்று இல்லாமல் பிடுங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: இடம் இன்னும் மறைவான ஒன்றுக்கு மாறும், இல்லையென்றால் பிள்ளை அறைக்குள் சுருண்டு போகும். இரண்டாவதைப் பார்த்து வீட்டார் "திருந்திட்டான்" என்று நிம்மதி அடைவதுதான் எங்களைப் பொறுத்தவரை மிகக் கவலைக்குரியது. தூக்கம் குறைந்து, சாப்பாடு குறைந்து, பேச்சு நின்று இரண்டு வாரம் ஆனால் அது மனச்சோர்வின் அடையாளம்.

அடுத்து, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் உள்ள நேரத்தைப் பாருங்கள். டியூஷனில் மார்க் வாசித்து அவமானப்படுத்துகிற கிழமையிலேயே கறுப்பு இடத்துக்குப் போகிறதா? வீட்டில் இரவு 8 மணிக்குமேல் சிவப்பா? டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அப்பா குடிக்கிற வீட்டில் 8 முதல் 11 வரையான நேரம்தான் பிள்ளை மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ தப்பி ஓடுகிற நேரம். அப்படியானால் சரிசெய்ய வேண்டிய இடம் தெரு அல்ல, வீடு. அப்பாவைப் பிள்ளை முன்னால் நிறுத்திப் பேசாதீர்கள்; அன்று இரவே அதற்கான அடி பிள்ளைக்கு விழும். வாரத்தில் எந்த நாள்களில் சம்பளம் வருகிறது, எந்த நாள்களில் சண்டை என்று பார்த்து, அந்த இரவுகளில் பாட்டி வீட்டிலோ நம்பிக்கையான பக்கத்து வீட்டிலோ படிக்கவும் படுக்கவும் ஏற்பாடு செய்வது உடனடியாகச் செய்யக்கூடியது.

மூன்றாவது, பசி. பள்ளியில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாப்பிட்ட பிள்ளை நான்கேகாலுக்கு வெளியே வந்து ஆறு மணி டியூஷனுக்குப் போய், எட்டரைக்கு வீடு வந்து சாப்பிடுகிறது. நடுவில் எட்டு மணி நேரம் வயிறு காலி. பசியில் எரிச்சல் கூடும், கையில் இருக்கும் பத்து ரூபாய் கடைக்குத்தான் போகும்.

பெண் பிள்ளைகளின் தாள் வேறு மாதிரி இருக்கும். வட்டம் குறைவு: வீடு, பள்ளி, டியூஷன், பஸ். பஸ்ஸில் சிவப்பு, தெருவில் சிவப்பு. தடையில்லாமல் உட்கார ஓர் இடம்கூட இருக்காது. கறுப்புப் பொட்டு இல்லை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அவர்களிடம் பழக்கம் இருந்தால் அது பள்ளிக் கழிப்பறையிலும், வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரையிலும் இருக்கும். பாட்டியின் மாத்திரை அட்டையை எண்ணிவைத்துப் பூட்டுங்கள். கூடவே பச்சை ஒட்ட ஓர் இடம் அவளுக்கு வேண்டும்: தோழி வீடு, நூலகம், நடனம், கபடி, எதுவானாலும்.

நடந்து பார்ப்பது

தாளில் உள்ள வழியைப் பிள்ளை நடக்கிற அதே நேரத்தில் நீங்கள் நடக்க வேண்டும். காலை பத்து மணிக்குப் போனால் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். பள்ளி விடும் நேரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு நாள், இரண்டு போதும். பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள்.

பெட்டிக்கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று ஒரு கடலை மிட்டாய் வாங்குங்கள். முன்பலகையில் மிட்டாய் ஜாடி, அதன் மேல் சரம் சரமாகப் பாக்கும் ஷாம்பும். தூணில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டர். அது தெருவைப் பார்த்துத் தொங்குகிறதா, பக்கச் சந்துக்குள்ளா? சந்துக்குள் என்றால் நின்று புகைக்க அங்கே ஒதுக்கிடம் இருக்கிறது. கீழே பாருங்கள். சிகரெட் துண்டுகளுக்கு நடுவில் நகத்தளவு வெள்ளைப் பை, குட்டி டீ பேக் மாதிரி கிடந்தால் அது கூல் லிப். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் துப்ப வேண்டியதில்லை. அதனாலேயே வகுப்பறைக்குள் நுழைந்தது. தொடர்ந்து வைக்கிற பிள்ளையின் உதட்டு உட்புறத்தில் வெளுத்துச் சுருங்கிய திட்டு தெரியும். கேட்காமலே கடைக்காரர் கை உள்ளே போய் எதையோ எடுத்துப் பையனிடம் கொடுக்கிறது என்றால் அவன் அங்கே புதியவன் இல்லை.

2019-ல் நடந்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. பெட்டிக்கடையை இவ்வளவு உற்றுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஆபத்தாகத் தெரியாத கடைகளும் உண்டு. பஞ்சர் கடை, ஹார்டுவேர் கடை. 'சொல்யூஷன்' என்று பிள்ளைகள் சொல்லும் ஒட்டும் பசை அங்கேதான் கிடைக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், முகர்ந்து போதையேற்றும் பொருள்களை மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் கூடுதலாகப் பயன்படுத்துவது தெரிந்தது: 10 முதல் 17 வயதில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. சட்டைக் காலரில், கைக்குட்டையில் பெட்ரோல் போன்ற வாடை, மூக்கைச் சுற்றிச் சிவப்பு, தள்ளாட்டம் இவற்றைக் கவனியுங்கள். முகர்கிற முதல் தடவையிலேயே இதயம் நின்று சாவு நேரலாம். முகர்ந்த பிள்ளையைத் துரத்துவதும் அதட்டித் திடுக்கிடச் செய்வதும் அதே காரணத்தால் ஆபத்து.

பெரியவர் யாரும் எட்டிப் பார்க்காத இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: கட்டி முடிக்காத அடுக்குமாடி, தண்டவாள ஓரம், படகு நிறுத்திய கரை, வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையங்களின் பயன்படாத மாடிகள். எரியாத தெருவிளக்கைக் கம்ப எண்ணோடு எழுதுங்கள். மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொல்லும்போது அந்த எண் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒரு வாரக் குறிப்பு

பழக்கம் தொடங்கிவிட்ட பிள்ளை, நிறுத்த விருப்பம் இருந்தால், ஏழு நாள் ஒரு சின்ன நோட்டில் எழுதட்டும். காலை 7, பகல் 1, மாலை 5, இரவு 9. ஒவ்வொன்றும் ஒரே வரி: இடம், கூட எத்தனை பேர், மனசு 1 முதல் 5, ஆசை 0 முதல் 10. "5.10, டேங்க், 3 பேர், மனசு 2, ஆசை 7." மொத்தம் 28 வரி வர வேண்டும். 20 வந்தாலே படிக்க முடியும். ராத்திரி உட்கார்ந்து நான்கையும் சேர்த்து எழுதினால் எல்லா எண்ணும் ஒரே மாதிரி இருக்கும். அப்படி வந்தால் குறை சொல்லாமல் மாலை ஐந்து மணி வரியை மட்டும் கேளுங்கள். நோட்டு பிள்ளையிடமே இருக்க வேண்டும். வாரக் கடைசியில் அதுவாகக் காட்டும்போது பாருங்கள்.

படிக்கும்போது மனசு குறைந்து ஆசை ஏறிய வரிகளைத் தனியாக வட்டமிடுங்கள். மனசு 4, 5 இருந்தும் ஆசை ஏறியிருந்தால் அது இடத்தின் தூண்டுதல். புகை வாசனை, அந்தச் சந்து, அந்தக் கூட்டம். அதற்கு வழியை மாற்றினால் போதும். மனசு 1, 2-ல் ஆசை ஏறியிருந்தால் வழியை மாற்றிப் பயனில்லை, துயரத்தைக் கவனிக்க வேண்டும்.

மாற்றுவது: ஓர் இடம், ஒரு மணி நேரம்

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்ற முயன்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் தோற்கின்றன. தாளில் அதிகம் தொந்தரவு தரும் ஒரு மணி நேரத்தை மட்டும் எடுங்கள். மாலை 4.15 முதல் 5.30 என்று வைத்துக்கொள்வோம். நாலரைக்குச் சாப்பாடு கொடுங்கள்: ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு இட்லி, வாழைப்பழம். வீட்டில் ஆள் இல்லையென்றால் காலையிலேயே இரண்டாவது டப்பாவில் கட்டிக் கொடுங்கள். கைக்காசை நிறுத்தாதீர்கள், குறையுங்கள். முழுக்க நிறுத்தினால் கடன் வரும், கடன் வந்த இடத்திலேயே பிள்ளை பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் கையாளாக மாறும். டியூஷனை முடிந்தால் ஐந்து மணிக்கு மாற்றுங்கள். மார்க்கை எல்லார் முன்னாலும் வாசிக்காமல் தாளில் எழுதித் தரும்படி டியூஷன் சாரிடம் கேளுங்கள். நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார்.

பச்சை இடத்துக்கு மாற்றாக வைப்பது பச்சையாகவே இருக்க வேண்டும். அறிவுரை வகுப்பு பச்சை ஆகாது. பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர், வராவிட்டால் "ஏன் வரலே?" என்று கேட்க ஒருவர், கையும் காலும் செய்ய ஒரு வேலை, இவை மூன்றும் இருக்கிற இடம் வேண்டும். வியாசர்பாடியில் கால்பந்து அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. வடசென்னையின் கேரம் கிளப்புகளும் அப்படித்தான். 2024-ல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா அப்படியொரு பயிற்சி மையத்திலிருந்து வந்தவர், அதை நடத்தியவர் ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பா. கூவம் கரையிலிருந்தும் நகரின் பல மூலைகளிலிருந்தும் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரின் பெயரைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்றிருந்த நிலையில், அங்கே கபடி ஆடிய கார்த்திகா இடம்பெற்ற இந்திய அணி 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்றது. எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு எதிர்பார்க்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

ஐஸ்லாந்து இதை நாடு முழுக்கச் செய்து காட்டியது. 1998-ல் அங்கே 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016-ல் அது 5 விழுக்காடு. குளிர்கால இரவுகளில் 10 மணிக்குமேல் 13 முதல் 16 வயதினர் தனியே வெளியில் நிற்கக் கூடாது என்றார்கள். கூடவே விளையாட்டு, இசை வகுப்புகளுக்குக் காசும் கொடுத்தார்கள். நம்மூரில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

ஆசை எழுந்தால் பெரும்பாலும் 15, 20 நிமிடத்தில் உச்சம் தொட்டுத் தணியும். அந்த 20 நிமிடத்துக்கு எங்கே போவது என்று முன்பே தாளில் குறித்துவையுங்கள்: எந்தக் கடை வாசல், எந்த அக்கா வீடு, யாருக்குப் போன்.

போனில் இருப்பிடத்தைப் பின்தொடரும் ஆப் போட்டுப் பிள்ளையைப் பிடிக்க நினைக்காதீர்கள். போனை டியூஷனில் நண்பனிடம் கொடுத்துவிட்டு ஆள் வேறிடம் போவது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மெடிக்கலில் விற்கும் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட்டையும் நம்பாதீர்கள். சாதாரண கிட், சென்னையில் போதைக்குப் புழங்கும் டபென்டடால் வலி மாத்திரையையோ சொல்யூஷனையோ காட்டாது. இல்லை என்று வந்தால் பொய் நிம்மதி, இருக்கிறது என்று வந்தால் பேச்சு முறிவு.

கடைக்காரரிடமும் காவல் துறையிடமும்

சட்டத்தில் இடத்துக்கு அளவு இருக்கிறது. புகையிலைப் பொருள் சட்டம் 2003-ன் 6-வது பிரிவின்படி 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்கக் கூடாது. பலர் வாசல் கேட்டிலிருந்து அளந்து "தள்ளித்தான் இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அளக்க வேண்டியது காம்பவுண்டுச் சுவரின் வெளி விளிம்பிலிருந்து, எல்லாத் திசையிலும் நேர்கோட்டில். தெரு வளைந்து போனாலும் கணக்கு நேர்கோடுதான். கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதியை வைத்துச் சுவரின் நான்கு மூலையிலிருந்தும் பாருங்கள். பின்பக்கச் சந்துக் கடை அப்போதுதான் உள்ளே வரும். மாநகராட்சிப் பகுதியில் டாஸ்மாக் கடைக்குப் பள்ளியிலிருந்து 50 மீட்டர் இடைவெளி வேண்டும், 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது. குட்கா, கூல் லிப் வகைக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. வேப் எனும் இ-சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

புகையிலைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய்தான். அதைச் சொன்னால் எந்தக் கடையும் அசையாது. சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவைச் சொல்லுங்கள்: சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 78-வது பிரிவு, சிறாரை வைத்துக் கடத்தினாலோ விற்றாலோ அதே தண்டனை. முதலில் கடைக்காரரிடம் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். பள்ளித் தலைமையாசிரியரும் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவரும் உடன் வந்தால் நல்லது. சில கடைகள் அதோடு நிறுத்திவிடலாம். நிறுத்தாவிட்டால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581-க்குச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைதான் தகவல் சொன்னது என்று தெருவில் யாரும் யூகிக்க முடியாதபடி, நீங்கள் நடந்து பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். கஞ்சா விற்கும் கும்பலிடம் நேரில் போய்ப் பேசவே கூடாது.

வரைபடம் போதாத நேரம்

தினமும் குடிக்கிற, அல்லது தூக்க மாத்திரை போட்டுப் பழகிய பிள்ளையை வீட்டில் அடைத்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், மருத்துவர் மேற்பார்வை வேண்டும். மாத்திரை போட்ட பிள்ளை எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பூத்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள். என்ன மாத்திரை என்று தெரிந்தால் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

சாக வேண்டும் என்ற பேச்சு, கையில் கீறல், வீட்டில் இருக்கும் மாத்திரையைச் சேர்த்துவைப்பது என்று எது தெரிந்தாலும் பிள்ளையைத் தனியே விடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கு 14446. சிறார் உதவிக்கு 1098. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், 1980 முதல் இயங்கும் அடையாறு டி.டி.கே. மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. "போலீஸ் கேஸ் ஆயிடுமோ" என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளாகித் தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு, பயன்படுத்திய குற்றத்திலிருந்தும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்திலிருந்தும் பாதுகாப்புத் தருகிறது.

ஆறு வாரம் கழித்துப் புதிய சார்ட் பேப்பரில் மறுபடி வரையுங்கள். பழையதைப் பார்த்து வரையக் கூடாது. கறுப்பு குறைந்ததா என்பதைவிடப் பச்சை எத்தனை புது இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றாவது கூடியிருந்தால் எடுத்த வழி சரி, அடுத்த ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எதுவும் கூடவில்லையென்றால் கொடுத்த மாற்று பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. வேறு என்ன வேண்டும் என்று அதனிடமே கேளுங்கள். பழைய தாளைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். கிழித்துப் போட்டாலும், மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாலும் அது அவர்களுடையது.